இணையவெளியில் ஒளிபரப்புச் செய்தி: நிலமும் பொழுதும் – சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

வானொலி, தொலைக்காட்சிச் செய்தி நிறுவனங்கள் இணையத்தில் தம் இருப்பை வலுப்படுத்திக்கொள்ளப் பார்வை எண்ணிக்கையையே பெரிதும் நம்புகின்றன. தேடுவோர்க்கு அகப்படும் எழுத்தாக, நாளும் ஊரும் திருத்தமும் உடைய ஆவணமாகச் செய்தியைப் பேணுவதே நிலைத்த வலிமை தரும் என்பது இக்கட்டுரையின் கருத்து. மேட்டூர் அணை நீர்மட்டம், நாமக்கல் முட்டை விலை, வட்டார ஊர்ப்பெயர்கள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஒளிபரப்புச் செய்தி, இணைய இருப்பு, தேடுபொறி, ஊர்ப்பெயர், செய்தி அட்டை, மேட்டூர், நாமக்கல்.

முன்னுரை

அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. 1993-இல் சன் தொலைக்காட்சியும் 2011-இல் புதிய தலைமுறை செய்தி அலைவரிசையும் வந்தன. சேலத்தில் கேபிள் அலைவரிசையாகத் தோன்றிய பாலிமர், பின்னர் செயற்கைக்கோள் அலைவரிசையாக வளர்ந்து செய்திக்கெனத் தனி அலைவரிசையையும் நடத்துகிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் செய்தியைக் காதாலும் பின்னர் கண்ணாலும் பெற்று வந்துள்ளமையை இவ்வரலாறு காட்டுகிறது.

இன்று இந்நிறுவனங்களின் செய்திகள் இணையதளம், செயலி, யூடியூப், சமூக ஊடகம் எனப் பல வாயில்களில் கிடைக்கின்றன. ஆதலால் இணையத்தில் இருத்தலா, இல்லாதிருத்தலா என்பது இப்போது வினாவன்று. இருப்பு எத்தகையது என்பதே வினா. ஒரு காணொளி ஒரு நாளில் எத்தனை பேரால் பார்க்கப்பட்டது என்பது ஓர் அளவுகோல். அச்செய்தி தேவைப்படும் ஒருவர் ஓராண்டு கழித்துத் தேடும்போது அது அகப்படுகிறதா என்பது மற்றோர் அளவுகோல். முதலாவது கவனிக்கப்படும் அளவுக்கு இரண்டாவது கவனிக்கப்படவில்லை.

அலையும் ஆவணமும்

ஒலிபரப்பப்படும் சொல் காற்றில் கரைவது. மீண்டும் கேட்க விரும்புவோர்க்கு அது கிட்டுவதில்லை. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் நாளுடன் தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஆயினும் பி.பி.சி. தமிழ்ச் சேவை இணையத்தில் எழுத்தாகவும் காணொளியாகவும் தொடர்கிறது. அலை நின்ற பின்னும் ஒரு நிறுவனம் நிற்க முடிவது, அது தன் செய்தியை எழுத்தாகவும் தரப் பழகியிருப்பதனால் எனலாம்.

எழுத்தாக இருப்பது மட்டும் போதுமா எனின், போதாது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல தத்தமக்குரிய எழுத்துருக்களில் இயங்கின. வாசகர் அந்த எழுத்துருவைத் தரவிறக்கினாலன்றிப் படிக்க இயலாது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் தரப்படுத்த முயன்றது இச்சிக்கல் கருதியே. தனிக் குறியேற்றத்தில் எழுதப்பெற்று மாற்றப்படாமல் விடப்பட்ட பக்கங்கள் இன்றைய தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளின் குவியலே.

அன்று எழுத்துருவில் சிறைப்பட்ட செய்தி இன்று படத்தில் சிறைப்படுகிறது. எழுத்துக்குறிப்பு இல்லாத காணொளியும், சொற்களைப் படமாக்கித் தரும் செய்தி அட்டையும் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் தேடுவார்க்கு எளிதில் அகப்படுவதில்லை. ஒருங்குறி தந்த பயனைச் செய்தி நிறுவனங்கள் தாமே கைவிடுவதற்கு இது ஒப்பாகும்.

முதற்பொருள் இல்லாச் செய்தி

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்துள்ளது. கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின்மேல் அமைவன. செய்திக்கும் இவ்வடிப்படை பொருந்தும். எங்கே, எப்போது என்னும் இரண்டும் நீங்கினால் எஞ்சுவது செய்தியன்று, காட்சி மட்டுமே.

இதன் விளைவைக் காவிரிக்கரையில் காணலாம். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து பெருமளவில் உபரிநீர் வெளியேற்றப்பட்டபோது நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் கரையோரத் தாழ்விடக் குடியிருப்புகளுள் நீர் புகுந்தது. அத்தகைய நாளில் எடுக்கப்பட்ட காணொளி, நாள் குறிக்கப்படாமல் பிறிதோர் ஆண்டில் வாட்ஸ்அப் வழியே வலம்வருமாயின் கரையோரத்தார் வீணே அஞ்சுவர். பன்முறை அவ்வாறு அஞ்சியோர் மெய்யான எச்சரிக்கை வரும்போது அதனைப் பொருட்படுத்தாது விடவும் கூடும். ஆகவே காணொளியின் கீழுள்ள குறிப்பில் மட்டுமன்றிக் காட்சிச் சட்டத்தின் உள்ளேயே ஊரும் நாளும் நேரமும் பொறிக்கப்பட வேண்டும். வெட்டிப் பகிர்ந்தாலும் அவை உடன்செல்ல வேண்டும். இது அழகியல் பற்றியதன்று; உயிர்க்காப்புப் பற்றியது.

நாள் குறித்த செய்திகள் வரிசையாக நிற்கும்போது அவை வரலாறாகவும் ஆகின்றன. மேட்டூர் அணை பாசனத்திற்கெனத் திறக்கப்படும் மரபுவழி நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2023-இல் உரிய நாளில் திறக்கப்பட்டது. 2024-இல் நீரின்மையால் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. தனித்தனியே இவை ஒரு நிமிடச் செய்திகள். ஒரே பக்கத்தில் அடுக்கிவைத்தால் கழிமுகம் வரையுள்ள உழவரின் மூவாண்டு வாழ்வை அவை சொல்லும். இவ்வடுக்கைச் செய்யத் தேவையான செய்திகள் அனைத்தும் ஒளிபரப்பு நிறுவனங்களிடம் உள்ளன. அடுக்கும் வழக்கமே குறைவு.

ஊர்ப்பெயரும் தேடுதலும்

தேடுதலில் தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் உள்ளன. முதலாவது, எழுத்து வேறுபாடு. இராசிபுரம், ராசிபுரம், இடைப்பாடி, எடப்பாடி, குமாரபாளையம், குமரபாளையம் என ஓர் ஊரே இருவகையில் எழுதப்படுகிறது. ஒரே நிறுவனத்தின் பக்கங்களிலும் இரு வடிவங்களும் வருமாயின் அவ்வூர்ச் செய்திகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும்.

இரண்டாவது, வேற்றுமைத் திரிபு. சேலம் என்னும் சொல் சேலத்தில், சேலத்துக்கு, சேலத்தை எனச் சாரியை பெற்றுத் திரியும்போது மகரம் கெட்டு வடிவம் மாறுகிறது. தலைப்பில் திரிந்த வடிவம் மட்டும் இடம்பெற்றால் பெயரின் இயல்வடிவைத் தட்டச்சிடுவோர்க்கு அச்செய்தி தவறக்கூடும். மூன்றாவது, ஒரு பெயர்ப் பல ஊர். ஆத்தூர் சேலம் மாவட்டத்திலும் உண்டு, திண்டுக்கல், தூத்துக்குடி மாவட்டங்களிலும் உண்டு. பரமத்திவேலூரை வட்டார மக்கள் வேலூர் என்றே வழங்குவர். வெளியூர் வாசகர் அதனை வேலூர் மாநகராகவே கொள்வர்.

நான்காவது, நிருவாக எல்லை மாற்றம். நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதற்கு முற்பட்ட திருச்செங்கோட்டுச் செய்தி சேலம் மாவட்டத்தின்கீழ் நிற்கும். பழைய ஒலிப்பதிவுகளை இணையத்தில் ஏற்றும் நிறுவனம் இவ்வேறுபாட்டைக் குறிக்காவிடின் தேடுவோர் வழிதவறுவர்.

இந்நான்கிற்கும் தீர்வு ஒன்றே. ஒவ்வொரு செய்திக்கும் ஊர், வட்டம், மாவட்டம் ஆகிய மூன்றும் இயல்வடிவில் குறிச்சொற்களாக இணைக்கப்பட வேண்டும். மாற்று எழுத்து வடிவங்களும் அவற்றோடு சேர்க்கப்பட வேண்டும். இப்பணிக்குப் பொறியியல் அறிவைக் காட்டிலும் தமிழறிவே மிகுதியும் வேண்டப்படுவது.

தலைப்பின் மொழி

காணொளித் தலைப்புகளில் பெயரை மறைத்து ஆவலைத் தூண்டும் முறை பெருகியுள்ளது. ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’, ‘திடீர் திருப்பம்’ முதலிய சொற்கள் எச்செய்திக்கும் பொதுவாய் ஒட்டப்படுகின்றன. ‘பிரபல அணையில் நடந்த திடீர் மாற்றம்’ என ஒரு தலைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அணை எது, மாற்றம் யாது, எந்நாள் என்பன அதில் இல்லை. ‘மேட்டூர் அணை நீர்மட்டம் 120 அடியை எட்டியது’ என்னும் தலைப்பு முழுச் செய்தியையும் சொல்லிவிடுகிறது. அதனால் பார்ப்பார் குறைவர் என்பர். ஆனால் மேட்டூர் என்று தேடும் ஒவ்வொருவர்க்கும் பிற்காலத்தில் அகப்படக்கூடியது இரண்டாவது தலைப்பே. முதலாவது ஒரு நாள் விலைபோவது. இரண்டாவது பல்லாண்டு பயன்தருவது.

அன்றாடத் தேவையும் நிலைத்த பக்கமும்

இணையத்தில் வாசகர் நாள்தோறும் திரும்பி வருவது அவரவர் தேவை கருதியே. இவ்வட்டாரத்தில் அத்தேவைகள் தெளிவானவை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டலம் அறிவிக்கும் முட்டைப் பண்ணை விலை, கோழிப்பண்ணையாளர் முதல் சில்லறை வணிகர் வரை அனைவரும் எதிர்நோக்குவது. சேலம் சேகோசர்வ் நிறுவனத்தின் ஜவ்வரிசி விலை, மரவள்ளி பயிரிடுவோரின் வருவாயோடு தொடர்புடையது. திருச்செங்கோட்டில் நடைபெறும் மஞ்சள் ஏலமும் அத்தகையதே. தொலைக்காட்சியில் இவை சில நொடிகளில் கடந்துபோகின்றன. இணையத்தில் ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரியுடைய ஒரு பக்கம் அமைத்து, அன்றைய விலையை மேலேயும் முன்னைய விலைகளைக் கீழேயும் தந்தால், அப்பக்கமே அந்நிறுவனத்தின் அடையாளமாகும்.

வட்டாரத்தைப் பிரிந்து வாழ்வோரையும் எண்ணுதல் வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலாளர்களும் பிற மாநிலங்களில் நெடுநாள் தங்கிப் பணிபுரிவோர். அவர்களுக்குத் தொலைக்காட்சி எட்டாது, திறன்பேசி எட்டும். நேரடி ஒளிபரப்பைக் காண நேரமும் இணைய அளவும் வாய்க்காதபோது, மூன்று நிமிட ஒலிச்செய்தியும் சுருக்கமான எழுத்துச் செய்தியும் அவர்களைத் தம் ஊரோடு பிணைக்கும். வானொலி செய்த பணியை இணையத்தில் மீட்டெடுத்தல் என இதனைக் கொள்ளலாம்.

நம்பகமும் திருத்தமும்

வானொலிச் செய்தியறிக்கை நிலையத்தின் பெயரையும் வாசிப்பவர் பெயரையும் சொல்லித் தொடங்குவது மரபு. சரோஜ் நாராயணசாமி முதலியோரின் பெயர்கள் ஒரு தலைமுறையின் நினைவில் நிற்பது அம்மரபினால். செய்திக்குப் பொறுப்பேற்பவர் இன்னார் என்பது கேட்போர்க்குத் தெரிந்திருந்தது. இன்றோ அலைவரிசைகளின் சின்னத்தைப் பொறித்துப் போலிச் செய்தி அட்டைகள் உருவாக்கப்படுகின்றன. ‘இது எங்கள் அட்டையன்று’ என்று பின்னர் மறுத்துரைப்பதால் முழுப்பயன் விளைவதில்லை. ஒவ்வோர் அட்டையிலும் செய்தியின் இணைய முகவரியோ எண்ணோ இருந்து, அதனைத் தளத்தில் இட்டவுடன் மூலச்செய்தி தோன்றுமாறு அமைத்தால், போலியை வாசகரே கண்டறிவர்.

தவறான செய்தியை ஓசையின்றி நீக்கிவிடும் போக்கும் மாற வேண்டும். ஒளிபரப்பில் தவறு காற்றோடு போகும். இணையத்தில் அதன் படிகள் பிறர் கைகளில் எஞ்சும. எனவே அதே பக்கத்தில், இன்ன நாளில் இன்னது திருத்தப்பட்டது எனக் குறிப்பிடுவதே முறை. திருத்தம் நிறுவனத்தின் மதிப்பைக் குறைக்காது. மாறாக, திருத்தப்படாதிருக்கும் பிற செய்திகளின்மேல் நம்பிக்கையைக் கூட்டும்.

மறுப்பும் விடையும்

இவையெல்லாம் பொருட்செலவும் ஆட்செலவும் வேண்டுவன என்றும், விளம்பர வருவாய் பார்வை எண்ணிக்கையைச் சார்ந்தது என்றும் மறுப்பு எழலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. வட்டாரச் செய்தியாளர் பலர் குறைந்த ஊதியத்தில் பல பணிகளை ஒருங்கே சுமப்பவர். அவர்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுவது நேர்மையாகாது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வாசிப்பாளர் படிக்கும் செய்திக்கு எழுத்துப்படி முன்னரே உள்ளது. செய்தியாளர் ஊரையும் நேரத்தையும் குறித்து அனுப்பிய விவரமும் அலுவலகத்தில் உள்ளது. ஒளிபரப்பு முடிந்தவுடன் அவை பயனற்றனவாய் ஒதுக்கப்படுகின்றன. புதிதாக எழுத வேண்டுவது சிறிது. எறியாமல் காக்க வேண்டுவதே பெரிது. வருவாயைப் பொறுத்தவரை, பிறர் நடத்தும் காணொளித் தளத்தின் பரிந்துரை முறை மாறினால் பார்வையும் வருவாயும் ஒருசேரச் சரியும். தன் தளத்தை நாடி நாள்தோறும் வரும் வாசகர் கூட்டமே ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான முதல்.

முடிவுரை

ஒளிபரப்புச் செய்தி நிறுவனம் இணையத்தில் வலுப்பெறும் வழி, செய்திக்கு நிலத்தையும் பொழுதையும் மீட்டுத் தருவதே. தேடத்தக்க எழுத்து, தெளிவான தலைப்பு, சீரான ஊர்ப்பெயர், மாறாத முகவரி, வெளிப்படையான திருத்தம் ஆகிய ஐந்தும் அதன் உறுப்புகள். இவற்றுள் மூன்று மொழி சார்ந்தவை என்பதால் தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களை எழுத்து வேறுபாடுகள், வட்டார வழக்குகள், முன்னைய நிருவாகப் பிரிவுகள் ஆகியவற்றுடன் தொகுத்து யாவரும் எடுத்தாளுமாறு வெளியிடுதல், சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகம் போன்ற கல்விநிலையங்களின் முதுகலை மாணவர் ஓரிரு பருவங்களில் செய்து முடிக்கத்தக்க களப்பணியே. அத்தொகுப்பைச் செய்தி நிறுவனங்கள் ஏற்றுப் பயன்படுத்துமாயின், வெள்ளக் காலத்தில் பள்ளிபாளையத்தார் ஒருவர் தம் ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதித் தேடினும் அன்றைய செய்தியே அவர்முன் தோன்றும்.