இணையக் கடையில் படம் என்னும் உறுதிமொழி

கைத்தறிப் பட்டுச் சேலையை நேரில் வாங்குவோர் முந்தியை விரித்து, நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, பின்புறத்தைத் திருப்பித் தடவிய பிறகே முடிவெடுப்பது வழக்கம். இணையத்தில் வாங்குவோருக்கோ இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பவை சில படங்களே. எனவே விற்பனைத் தளத்தின் ஒவ்வொரு படமும், பொருளின் தன்மை குறித்து விற்பவர் அளிக்கும் உறுதிமொழியாகக் கொள்ளத்தக்கது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகளும், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்றும், விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது என்றும் வரையறுக்கின்றன.

அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணியைக் கேட்பதோடு, சட்டகத்தில் 85 விழுக்காட்டைப் பொருளே நிரப்ப வேண்டும் என்கின்றன. பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்க இது உதவுமாயினும், காஞ்சிபுரம் சேலையின் சிறப்பை உணர்த்த ஒரு படம் போதாது. உடலையும் கரையையும், குறுக்கு நூலைச் செலுத்தும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் கோர்வை முறையை, அவை சேரும் இடத்தின் அண்மைப் படமே மெய்ப்பிக்கும். நெடுக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் வெவ்வேறு நிறம் இட்ட சேலையின் நிறம் பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுவதால், அதற்கு இரு கோணப் படங்களோ குறுங்காணொளியோ தேவை. பின்புறத்தையும், தூய பட்டுக்குச் சான்றான பட்டு முத்திரைச் சீட்டையும் காட்டுவது நம்பிக்கைக்கு அடிப்படை.

நிறத்தில்தான் பிழை மிகுதி. மஞ்சள் விளக்கொளியில் வெள்ளை மஞ்சளாகப் பதியாதவாறு கேமராவைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைப் பேணி, 1996இல் முன்வைக்கப்பட்டுப் பெரும்பாலான திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்னும் நிற வரையறையில் படத்தைச் சேமித்தால் வேறுபாடு குறையும். திரைக்குத் திரை நிறம் சற்று மாறலாம் என்ற எச்சரிக்கை நியாயமானதே. எனினும், வேண்டுமென்றே நிறத்தைக் கூட்டிய படத்துக்கு அது பாதுகாப்பாகாது.

படத்தைத் தேர்வதற்கு இணையானது அதன் பராமரிப்பு. கைத்தறியில் சேலைக்குச் சேலை வேறுபாடு இருப்பதால், ஒரே படத்தைப் பல சேலைகளுக்கு இடுவதை விடுத்து, கோப்பின் பெயரில் சரக்கு எண்ணைச் சேர்த்து, விற்ற சேலையின் படத்தை உடனே நீக்க வேண்டும். மூலப்படத்தைத் தனியே காத்து, தளத்தில் வெப்பி போன்ற சுருக்கிய வடிவங்களை இட்டால் மெதுவான இணைப்பிலும் பக்கம் விரைந்து திறக்கும். ஆனால் அளவுமீறிச் சுருக்கினால் சரிகையின் நுண்ணிய வேலைப்பாடு கலங்கிவிடும். படத்தைச் சொற்களால் விவரிக்கும் மாற்று உரை, திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றோருக்குக் கடையைத் திறந்துவிடுகிறது.

பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றி எடுத்தாள்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது. அசல் பட்டின் படத்தைக் காட்டி விசைத்தறிச் செயற்கை இழையை விற்கும்போது, வாங்குவோரின் பணமும் நெசவாளரின் நற்பெயரும் ஒருங்கே களவாடப்படுகின்றன. 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், தறி உள்ள ஊர்களில் பொதுப் படப்பிடிப்புக் கூடங்களை அமைத்துப் பயிற்சி அளிப்பதே இதற்குத் தக்க எதிர்வினை. உழைப்பின் நுட்பத்தை உள்ளபடி காட்டும் படங்கள் பெருகினால்தான், கைத்தறிக்குரிய விலையை வாங்குவோர் மனமுவந்து தருவர்.