ஷோகேஸிலிருந்து கடலுக்குப் போன ‘ரஜூலா’

பாட்டி வீட்டு ஷோகேஸில் ஒரு கப்பல் நிற்கிறது. ரிட்டையர் ஆன பிறகு பெரியப்பா மரத்துண்டுகளை இழைத்து இழைத்துச் செய்தது. கறுப்பு உடம்பு, கறுப்புப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. பெயர் ‘ரஜூலா’. 1926-ல் கட்டிய கப்பல்; சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நம்ம ஆட்களைச் சுமந்தது. 1958-ல் கல்யாணமான கையோடு பாட்டி பினாங்கு போனதும் அதில்தான்.

போன மாசம் லீவில் போனபோது அதை ஒரு போட்டோ எடுத்து, ஏ.ஐ.யிடம் ‘நாகப்பட்டினம் துறைமுகத்தில் நிறுத்து’ என்றேன். பத்து செகண்டில் படம் வந்தது. தண்ணீர் இருக்கிறது, வானம் இருக்கிறது, நடுவில் பொம்மை மிதக்கிறது!

தப்பு என்னுடையது. மேலிருந்து எடுத்திருந்தேன். நிஜக் கப்பலை யார் மேலிருந்து பார்க்கிறார்கள்? கப்பலை மேஜையில் வைத்து, மொபைலை மேஜை மட்டத்துக்கு இறக்குங்கள். ஆறடி பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். கிட்டப் போனால் ஒரு முனை மங்கலாகி, பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

அடுத்தது அலை. பெரியப்பா 200-ல் ஒரு பங்கு அளவில் செய்திருக்கிறார். அந்தக் கணக்கில் 2 மீட்டர் அலை, மாடலுக்குப் பக்கத்தில் 1 சென்டிமீட்டர்தான். ஏ.ஐ. போட்டதோ புகைபோக்கி உயரத்துக்கு! ‘சின்னச் சின்ன அலைகள்’ என்று சொன்னதும் கப்பல் நிஜமாகவே பெரிதானது.

ஆனால், கப்பலையும் சேர்த்து ‘ரிப்பேர்’ பார்த்துவிட்டது. இரண்டு பட்டை மூன்றாகி, கூடவே இன்னொரு புகைபோக்கி. பெரியப்பா பார்த்தால் நொந்துபோவார். அதனால், கப்பலைத் தொடாமல் பின்னணியை மட்டும் செலக்ட் செய்து மாற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரிஜினல் போட்டோவைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

பெருமையாகப் பாட்டியிடம் நீட்டினேன்.

“இது எந்த ஊருடி?”

“நாகப்பட்டினம் பாட்டி.”

“நாகப்பட்டினத்துல கப்பல் எங்க கரைக்கு வந்துச்சு? தூரத்துலயே நிக்கும். படகுல போயித்தான் ஏறணும். எனக்கு அப்பவே வாந்தி!”

அலை, வெளிச்சம் எல்லாம் பார்த்த நான் இதை யோசிக்கவே இல்லை. மேடையை எடுத்துவிட்டு, கரையைத் தள்ளி வைத்து, கப்பலைச் சுற்றிப் படகுகள் விட்டேன். பாட்டி மொபைலை வாங்கி ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதைக் குடும்ப குரூப்பில் போட்டதுதான் வம்பு. ‘ஏ.ஐ. படம்’ என்று கீழே எழுதித்தான் போட்டேன். இரண்டே நாளில் அந்த வரி உதிர்ந்துபோய், ‘1958-ல் எடுத்த அபூர்வப் புகைப்படம்’ என்று பினாங்கு சித்தப்பாவிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. இப்போது படத்தின் மேலேயே எழுதிவிட்டேன்: ‘பெரியப்பா செய்த மாடல், பின்னணி ஏ.ஐ.’ ஃபார்வர்டில் அது உதிராது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பாட்டிக்கு இன்னும் ஒரு குறை. “டெக்குல கும்பலே இல்லையே? பாய் விரிச்சு, மூட்டைய தலைக்கு வச்சுல்ல படுத்திருந்தோம்!” நாலு தடவை கேட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் குடையும் சாய்வு நாற்காலியும்தான் வந்தன.