கைவிட்டுப் போன காசுகள்

நாணயம் சேர்ப்பவரிடம் கையிலிருக்கும் காசைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகப் பதில் வரும். விற்றுவிட்ட காசைப் பற்றிக் கேட்டால் தேத்தண்ணி ஆறிவிடும். வன்னியில் அந்தப் புலம்பல் வேறு மாதிரி. 2008, 2009இல் போரால் ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தாளிப்பனை பொறித்த விக்டோரியா காலத்துச் செம்புச் சதங்களை யார் தூக்கினார்? அதற்காக எவரும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு மனம் ஆறாதது, சண்டை இல்லாத காலத்தில் சும்மா விற்றுத் தொலைப்பதுதான். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயத்தை எடுங்கள்: படுத்திருக்கும் நந்தி, பிறை, 'சேது' என்ற தமிழ் எழுத்து. வியாபாரி கைக்குப் போனாலும் காசு அழியாது, யாரோ ஒருவரின் அலுமாரியில் பத்திரமாகவே கிடக்கும். எந்தக் குளக்கட்டில், எந்த வயலில் கிளம்பியது என்ற தகவல்தான் செத்துப்போகும். பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' நூல் 1993இல் வந்தது. அதில் கண்டெடுத்தவை ஊர்ப் பெயரோடு பதியப்பட்டதால்தான் பூநகரியின் பழமையைப் பற்றி இன்று பேச முடிகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி இத்தகைய கண்டெடுப்புகளை அறிவிக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களம் என்றாலே காணி போய்விடும் என்று இங்கே சனம் பயப்படுகிறது. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் தொல்பொருள் இடம் என்று எழுந்த காணி விவகாரத்துக்குப் பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் உழவில் காசு கிளம்பினால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, முறைப்படி அறிவியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளருக்கும் ஒருதரம் காட்டுங்கள்.