பெரிய நம்பர் பூஜ்யம்தான்

போக்கிமான் ஆடுறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு சண்டை நிச்சயம் வரும். எந்த டைப் பெஸ்ட்? ஒருத்தர் ஃபயர்னு சொல்வார், இன்னொருத்தர் டிராகன்னு சொல்வார். ஏன்னு கேட்டா ரெண்டு பேரும் ஒரே பதில்தான் வச்சிருப்பாங்க: "அடிச்சா டேமேஜ் செமயா ஏறும்." எனக்கு இந்தப் பதில் மேல நம்பிக்கை இல்லை. ஒரு டைப்போட உண்மையான பலம் அது வாங்காத அடியிலதான் இருக்கு.

பலரும் இதைக் கவனிக்காததுக்கு கேம் ஆரம்பிக்கிற விதமும் ஒரு காரணம். முதல்ல நம்ம கையில கொடுக்கிறது ஃபயர், வாட்டர், கிராஸ். ஒரு பக்கம் அடிச்சா ரெண்டு மடங்கு, மறுபக்கம் அடிச்சா பாதி. இந்த முக்கோணத்துல பூஜ்யமே கிடையாது. அதனால புதுசா ஆடுறவங்க 2 எங்கே இருக்குன்னு மட்டும் தேடப் பழகிடுறாங்க.

முழு அட்டவணையில 18 டைப், அதாவது 324 கட்டம். அதுல பூஜ்யம் இருக்கிறது வெறும் 8 கட்டத்துலதான். மேட்ச் திரும்புற இடம் பெரும்பாலும் அந்த எட்டுதான்.

ஏன்னா போக்கிமானை மாத்தினா நம்ம டர்ன் போயிடும். புதுசா உள்ள வர்றது அந்த டர்னோட அடியை வாங்கிட்டுத்தான் நிக்கணும். உங்க கியாரடோஸ் வாட்டர், ஃப்ளையிங்னு ரெண்டு டைப். ரெண்டுக்குமே மின்சாரம் ஆகாது, அதனால எலக்ட்ரிக் அடி நாலு மடங்கு. எதிராளி தண்டர்போல்ட் போடப்போறார்னு யூகிச்சு கார்ச்சாம்பை இறக்கினா, அது கிரவுண்ட் டைப். டேமேஜ் பூஜ்யம், அவர் டர்ன் வீண். அவரும் உங்க மனசைப் படிச்சு ஐஸ் மூவ் போட்டுட்டா, கார்ச்சாம்புக்கு நாலு மடங்கு விழும். கேமோட சுவாரசியமே இந்த யூகத்துலதான் இருக்கு.

ஐஸையும் ஸ்டீலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஐஸ் 4 டைப்பை ரெண்டு மடங்கு அடிக்கும், ஸ்டீல் 3-ஐத்தான். ஆனா ஐஸ் தாங்குறது இன்னொரு ஐஸ் அடியை மட்டும். ஸ்டீல் 10 டைப்போட அடியைப் பாதியாக்கும், பாய்சன் அதுமேல ஏறவே ஏறாது. எதை நம்பி உள்ள அனுப்புவீங்க?

கேமை உருவாக்கினவங்களுக்கும் இது தெரியும். 1996-ல வந்த முதல் கேம்ல சைக்கிக்கை அடக்க ஆளே இல்லை. கோஸ்ட் அடி அதுமேல பூஜ்யம். பக் மூவ் எல்லாம் ரொம்ப வீக். 1999-ல டார்க் வந்துச்சு, அதுமேல சைக்கிக் அடி பூஜ்யம். பிற்பாடு டிராகன் கை ஓங்கினதும் 2013-ல ஃபேரி வந்துச்சு, அதுமேல டிராகன் அடி பூஜ்யம். ரெண்டு தடவையும் மருந்து ஒண்ணுதான்.

அதனால அடுத்த டீம் போடும்போது, "இது யாரை அடிக்கும்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி "யார் அடி இதுமேல படாது?"ன்னு கேளுங்க. டீம்ல ஆறு இடம்தான். ஆறையும் அடிக்கிற ஆளாவே நிரப்பினா, ஒருத்தன் மாட்டும்போது மாத்தி இறக்க ஆள் இருக்காது.