கையைக் குறை சொல்லுமுன் பிளேடைப் பாருங்கள்

சென்ற தவணையில் ஒளி பற்றிய ஒரு சோதனைக்கு அக்ரிலிக் தாங்கி தேவைப்பட்டது. உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவர் ஒருவரை அழைத்துக்கொண்டு எங்கள் பள்ளிப் பட்டறைக்குச் சென்றேன். அங்குள்ள ஸ்குரோல் ரம்பத்தில் அவர் கோட்டின் மேல் சரியாகத்தான் அறுத்தார். ஆனால், இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தபோது, அறுத்த இடம் மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை பிளேடே உடைந்துபோனது. “கொஞ்சம் கவனமாகச் செய்யக்கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். “எனக்குக் கைவேலை வராது சார்” என்று அவர் தலைகுனிந்தார்.

பட்டறை உதவியாளர் வந்து உடைந்த பிளேடைப் பார்த்தார். மெல்லிய பலகைக்காக மாட்டியிருந்த, மிக நுண்ணிய பற்கள் கொண்ட பிளேடு அது. வேறொரு பிளேடை மாட்டினார். வேகத்தைக் குறைத்தார். அக்ரிலிக் மேல் ஒட்டுநாடா ஒட்டிக் கொடுத்தார். அதே மாணவர், அதே கைகள். சிறிது நேரத்தில் தாங்கி தயாரானது. வெப்பத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் நான்தான் அன்று தலைகுனிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம். பட்டறையில் பிளேடை நாங்களே மாட்டிவைத்துவிட்டு, மாணவர்களின் கைத்திறனை மட்டும் எடைபோடுவது நியாயமில்லை. எந்தப் பொருளுக்கு எந்த பிளேடு என்று முடிவெடுப்பதும் மாணவர்களின் வேலையாக இருக்க வேண்டும். ஏனென்றால், அந்த முடிவில்தான் அறிவியல் இருக்கிறது.

முதலில் பற்களை எண்ணுவோம். பிளேடின் பற்களை ஓர் அங்குலத்துக்கு, அதாவது 25.4 மில்லிமீட்டருக்கு, இத்தனை என்று கணக்கிடுவார்கள். அங்குலத்துக்கு 12 பற்கள் என்றால், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஏறக்குறைய 2.1 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை அதில் அறுத்தால், ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு பற்களே பலகையைத் தொடும். ஒவ்வொரு பல்லும் பலகையைக் கொக்கிபோலப் பிடித்து இழுக்கும், பலகை துள்ளும். குறைந்தது மூன்று பற்களாவது பொருளுக்குள் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பழகிவந்த விதி. அங்குலத்துக்கு 28 பற்கள் இருந்தால் அந்தக் கணக்கு சரியாக வரும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் நுண்பற்களே நல்லதா? இல்லை. அதே 28 பல் பிளேடை 18 மில்லிமீட்டர் மரத்தில் வைத்துப் பாருங்கள். சுமார் இருபது பற்கள் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும். பற்களின் இடைவெளியோ மிகச் சிறியது. மரத்தூள் வெளியேற வழியில்லாமல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். உராய்வு கூடும், மரத்தில் கருகிய தடம் விழும். தடித்த மரத்துக்குப் பெரிய பற்களும் அகன்ற இடைவெளியும் வேண்டும் என்பது இதனால்தான்.

அக்ரிலிக்கின் கதை வேறு. அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால், உராய்வில் உண்டான வெப்பம் அறுக்கும் இடத்திலேயே தங்கிவிடும். உருகிய தூள் பிளேடுக்குப் பின்னால் குளிர்ந்து, வெட்டிய பிளவை மீண்டும் ஒட்டிவிடும். இதற்கு, ஒன்று விட்டு ஒன்றாகப் பற்களை நீக்கிய பிளேடு உதவும். தூள் வெளியேற இடம் கிடைக்கும். வேகத்தையும் குறைத்தால் வெப்பமும் குறையும். மெல்லிய பொருளுக்கு நுண்பற்கள் என்ற விதி இங்கே முழுமையாகச் செல்லாது. எது முக்கியம் என்று எடைபோட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வளைவுகளுக்கும் காரணம் உண்டு. குறுகிய பிளேடு, தான் வெட்டிய தடத்துக்குள்ளேயே எளிதாகத் திரும்பும். அகன்றது திரும்ப முடியாமல் முறுக்கிக்கொண்டு உடையும். ஒட்டுப்பலகையின் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்கிறதா? பிளேடின் அடியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி அமைந்த வகை இருக்கிறது. மேலே வரும்போது அவை அந்தச் சிம்புகளை வெட்டிவிடும். நேராகத் தள்ளியும் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறதா? பல பிளேடுகளில் தயாரிப்பின்போதே ஒரு பக்க ஓரம் சற்றுச் சொரசொரப்பாக அமைந்துவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அரிப்பதால் வெட்டு அங்கே இழுக்கும். பலகையைச் சற்றே சாய்த்துத் தள்ளினால் போதும். இவற்றில் எதுவும் உங்கள் கையின் குற்றம் அன்று.

“ஒவ்வொரு மாணவருக்கும் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தால் பாடவேளை முடிந்துவிடும்” என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். பாதுகாப்பும் முக்கியம்: ஆசிரியர் அனுமதியுடன், மின்இணைப்பைத் துண்டித்த பிறகே பிளேடைத் தொடலாம். ஆனால், மூன்று இயந்திரங்களில் மூன்று வகை பிளேடுகளை மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினால், மாணவர்கள் தங்களுக்கு ஏற்ற இயந்திரத்துக்கு நகர்ந்துகொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு பாடவேளையைக் கழிவுப் பலகைகளுக்கே ஒதுக்கலாம். பலகை, வேகம், வளைவு ஆகிய மூன்றும் மாறக்கூடாது. பிளேடு மட்டும் மாற வேண்டும். நேரம், கருகிய தடம், அடிப்பக்கச் சிம்பு ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அது ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனையேதான்.

மாணவர்களே, அடுத்த முறை பிளேடு உடைந்தால், “எனக்கு வராது” என்று சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பொருள் என்ன? அதன் தடிமன் எவ்வளவு? வளைவு எவ்வளவு நெருக்கம்? பதிலுக்குப் பொருந்தாத பிளேடு மாட்டியிருந்தால், தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சென்ற தவணையில் என்னிடம் அப்படி ஒரு மாணவர் சொல்லியிருந்தால், அவரைக் கடிந்துகொள்ளும் தவற்றை நான் செய்திருக்க மாட்டேன்.