கிணற்றின் வாயிலில் ஒரு மாநகரம்

ஆற்றின் பெயரைச் சொல்லியே நாட்டின் பெருமையைப் பேசிப் பழகியவர்கள் நாம். ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்பது நம் முன்னோர் கருத்து. ஆனால் ஓர் ஆறுதானும் ஓடாத பரந்த சமவெளியிலே, வான்மழையையும் நிலத்தடி நீரையும் மாத்திரமே நம்பி, கற்கோபுரங்களும் வானாராய்ச்சி மண்டபமும் எழுப்பி வாழ்ந்த மக்களும் இவ்வுலகில் உண்டு. மெக்சிக்கோ நாட்டின் தென்கிழக்கே கடலுள் நீண்டு கிடக்கும் யூக்கற்றான் தீபகற்பத்து மாயா மக்களே அவர்கள். வாசக நேயர்களே, அவர்களுடைய புராதன நகரங்களுள் ஒன்றாகிய சிச்சென் இற்சாவுக்கும், அதனை அடுத்துள்ள இயற்கைத் தடாகங்களுக்கும் இவ்வாரம் ஒரு நாட் பிரயாணமாகச் சென்று வருவோம்.

மெரிடா என்னும் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தூரம். கான்கூன் கடற்கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இரு திசைகளிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு பஸ் வண்டிகள் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன. வெயில் ஏறுமுன் சென்று சேர்ந்தவரே நின்று நிதானமாகப் பார்க்க முடியும். வழியின் இருமருங்கிலும் உயரங் குறைந்த காடு. மலை இல்லை, மேடு பள்ளமும் அதிகமில்லை. கவனித்துப் பார்ப்பவருக்கு மற்றோர் உண்மையும் புலனாகும். இத்தனை தூரம் ஓடியும் நமது வண்டி ஓர் ஆற்றைத்தானும் கடக்கவில்லை. அவ்வாறாயின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே வாழ்ந்தவர் எங்கே நீர் மொண்டனர்? இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டே நகரினுள் நுழைவோம்.

வாயிலைக் கடந்ததும் கண்ணைக் கவர்வது, குகுல்கான் என்னும் இறகுடைய பாம்புத் தெய்வத்தின் கோயில். ஒன்பது அடுக்குகளாக உயர்ந்து செல்லும் இக்கற்கோபுரம், உச்சியிலுள்ள ஆலயத்தையும் சேர்த்து ஏறத்தாழ 30 மீற்றர் உயரமுடையது. நான்கு பக்கங்களிலும் நான்கு படிவரிசைகள். ஒவ்வொன்றிலும் 91 படிகள். நான்கையும் கூட்டி, மேல்தளத்தையும் ஒரு படியாக எண்ணினால் 365 ஆகும். ஓர் ஆண்டின் நாட்கணக்கைக் கல்லிலே அமைத்த பஞ்சாங்கம் இது எனலாம். இரவும் பகலும் சமமாக வரும் மார்ச், செப்ரெம்பர் மாத நாட்களில், மாலை வெயிலிலே அடுக்குகளின் நிழல் வடக்குப் படியின் பக்கச் சுவரில் முக்கோணம் முக்கோணமாக விழுகின்றது. அந்த ஒளியும் நிழலும் படியடியிலுள்ள கற்பாம்பின் தலையோடு பொருந்தி, வானத்திலிருந்து ஒரு பெரும் பாம்பு இறங்கி வருவதுபோலத் தோன்றுகின்றது. அதனைக் காண ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர்.

படிகளின் எதிரே நின்று வழிகாட்டி கைதட்டுகிறார். எதிரொலி கைதட்டாகத் திரும்பாமல், ஒரு பறவையின் கீச்சொலி போலத் திரும்பி வருகின்றது. மாயா மக்கள் போற்றிய கெற்சால் பறவையின் குரலே இது என்பர் பலர். ஒவ்வொரு படியும் ஒலியைச் சிறிது சிறிதாகப் பிந்தித் திருப்புவதே இதன் காரணம். இதனைக் கருதியே படிகளைக் கட்டினார்களோ, தற்செயலாக அமைந்ததோ, கேட்பவர் மெய்சிலிர்ப்பது மட்டும் உண்மை. முன்பெல்லாம் உச்சிவரை ஏற அனுமதி இருந்தது. இப்பொழுது, கட்டடத்தையும் ஏறுவோரையும் காக்கும்பொருட்டு, அது தடுக்கப்பட்டுள்ளது.

அப்பால் பந்தாட்ட முற்றம். ஏறத்தாழ 168 மீற்றர் நீளமுடைய இதனிலும் பெரிய பந்தாட்ட முற்றம் மத்திய அமெரிக்கப் பழைய நகரங்களில் வேறெங்கும் இல்லை. இருபுறச் சுவர்களிலும் உயரத்தில் கல்வளையங்கள் பதித்திருக்கின்றன. கெட்டியான இறப்பர்ப் பந்தைக் கொண்டு ஆடிய இவ்விளையாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று, சமயச் சடங்குமாம். இன்னும் சற்றுத் தெற்கே, வட்டக் கோபுரமாக எழும்பி நிற்பது வானாராய்ச்சி மண்டபம். அதன் சாளரங்களில் சில வெள்ளிக் கிரகத்தின் போக்கை நோக்கி அமைந்தவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பூச்சியத்தைத் தாமாகவே கண்டறிந்து கணக்கிட்ட மக்களுக்கு இஃதொரு வியப்பன்று.

இத்தனையும் கண்டபின், பலர் நிழல் தேடி ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் நாம் கொண்டுவந்த வினாவின் விடை இன்னும் வடக்கே இருக்கின்றது. மாயா மக்கள் சுண்ணக்கல் பரப்பி அமைத்த பழைய வெண்பாதையில் ஏறத்தாழ 300 மீற்றர் நடந்தால், மரங்களின் நடுவே திடீரென நிலம் வாய் பிளந்து நிற்கக் காண்கிறோம். ஏறத்தாழ 60 மீற்றர் அகலமுள்ள வட்டக் குழி. சுவர் போன்ற செங்குத்துப் பாறை. அடியிலே பச்சை நீர். இதுவே புனிதக் கிணறு. 'சிச்சென் இற்சா' என்னும் பெயருக்கே 'இற்சா மக்களது கிணற்றின் வாய்' என்பதுதான் பொருள். கோபுரத்தின் பெயரையோ அரசனின் பெயரையோ இம்மாநகர் தாங்கவில்லை. கிணற்றின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதுமட்டுமன்று, 2015ஆம் ஆண்டில் மெக்சிக்கோத் தேசியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் நிலத்துள் மின்னோட்டம் செலுத்தி அளந்து பார்த்தபோது, குகுல்கான் கோயிலின் அடியிலும் நீர் தங்கிய பெருங்குழிவு ஒன்று இருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டனர்.

குடிப்பதற்கு நீர் தந்தவை நகரின் வேறு கிணறுகள். இப்புனிதக் கிணறோ மழைத் தெய்வமாகிய சாக்குக்குக் காணிக்கை செலுத்தும் இடம். அமெரிக்க அரசின் கொன்சலாக இருந்த எட்வேட் தொம்சன் என்பவர் 1904ஆம் ஆண்டு தொடக்கம் இதனைத் தூர்வாரிப் பொன்னும் பச்சைமணியும் மனித எலும்பும் எடுத்தார். அவற்றுட் பெரும்பகுதி கடல் கடந்து ஹார்வாட் பல்கலைக்கழகத்துப் பீபொடி நூதனசாலையைச் சேர்ந்தது. 1970களிலே ஒரு பகுதி மெக்சிக்கோவுக்கு மீண்டது. அழகிய கன்னியரையே கிணற்றில் வீழ்த்தினர் என்று நெடுங்காலம் ஒரு கதை உலவிற்று. எலும்புகளை ஆராய்ந்தவர் கண்டதோ ஆண், பெண், குழந்தை என எல்லோரையும்.

இதனினும் மனத்தை உலுக்கும் செய்தி ஒன்று உண்டு. புனிதக் கிணற்றுக்கு அண்மையில் 1967ஆம் ஆண்டில் கண்டெடுத்த ஒரு நிலவறையில் நூறுக்கு மேற்பட்ட சிறுவரின் எலும்புகள் கிடந்தன. அவற்றுள் 64 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். அனைவரும் ஆண் குழந்தைகள். சிலர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டு சோடியினர் உருவொத்த இரட்டையர். வானம் பொய்த்தால் வாழ்வு இல்லை என்ற அச்சம் ஒரு சமுதாயத்தை எவ்வளவு தூரம் கொண்டு சென்றது பாருங்கள்! நாம் அதனைப் போற்றவும் வேண்டா. தூற்றிவிட்டுக் கடந்து செல்லவும் வேண்டா. ஒரு துளி நீருக்கு அவர்கள் எவ்வளவு விலை மதித்தனர் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

இனி, இக்கிணறுகள் தோன்றிய விதத்தைச் சற்று ஆராய்வோம். யூக்கற்றான் நிலம் முழுவதும் சுண்ணக்கற் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அதனைச் சிறிது சிறிதாக அரிக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளில் உள்ளே குகை தோன்றுகின்றது. குகையின் கூரை இடிந்து விழுந்தால் வானம் தெரியும் ஓர் இயற்கைக் கிணறு பிறக்கின்றது. இதனை மாயா மொழியில் 'சொனோத்' என்பர். ஸ்பானியர் வாயில் அது 'செனோத்தே' ஆயிற்று. மேற்பரப்பில் ஆறில்லையே தவிர, நிலத்தின் கீழே குகை வழியாக ஆறுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மேலே மெல்லிய படையாக நன்னீர். அதன் கீழே கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீர். இத்தீபகற்பத்தின் வடமேற்கிலே செனோத்தேக்கள் வில்போல வரிசையாக அமைந்திருக்கின்றன. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வானிலிருந்து வீழ்ந்த ஒரு பெருங்கல் தோண்டிய, ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமான பள்ளத்தின் விளிம்பே அந்த வளைவு. டைனோசர் இனத்தை அழித்ததும் அதே மோதல்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவருக்கு இவ்விளக்கம் புதியதன்று. அங்கும் சுண்ணக்கற் பாறை. அங்கும் வற்றாத ஆறில்லை. அங்கும் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையே மக்களின் உயிர். நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இவ்வாறு பாறை கரைந்து இடிந்து தோன்றிய ஒன்றே. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கினார் என ஊரவர் கூறும் அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதைப் பலர் அறிவர். செனோத்தே என்ற சொல் நாவிற் புரளாவிட்டால், 'பெருந்துரவு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பிற்பகல் ஆயிற்று. வழிகாட்டி நம்மை அண்மையிலுள்ள இக் கில் என்னும் துரவுக்கு அழைத்துச் செல்கிறார். பாறையைக் குடைந்து அமைத்த படிகளில் ஏறத்தாழ 26 மீற்றர் இறங்கினால் நீர்மட்டம். மேலிருந்து மரவேர்களும் கொடிகளும் சடைபோலத் தொங்குகின்றன. வட்ட வானத்திலிருந்து ஒளி இறங்கி நீலநீரிலே தூணாக நிற்கின்றது. வெயிலில் வாடிய உடல் அந்தக் குளிர்நீரைத் தொட்டதும் அடையும் இன்பத்தைச் சொல்லுதல் அரிது. ஆனால் இறங்குமுன் ஒரு கட்டளை: உடலிற் பூசிய வெயில்தடுப்புத் தைலம் முதலியவற்றை நீரூற்றிக் கழுவிவிட்டே இறங்குதல் வேண்டும். இதனைச் சிலர் தொல்லை என்று முணுமுணுக்கின்றனர். இத்துரவு தனித்த குளமன்று. நிலத்தடியிலே எல்லாக் கிணறுகளோடும் தொடர்புடையது. நாம் நீந்துவது பிறர் வீட்டுக் குடத்து நீரில். அதனை எண்ணினால் முணுமுணுப்பு எழாது.

யார் அந்தப் பிறர்? 'மறைந்துபோன மாயா இனம்' என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது பெரும் பிழை. நகரங்களே கைவிடப்பட்டன, மக்கள் மறையவில்லை. 1562ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரிலே லாந்தா என்ற பாதிரியார் அவர்களுடைய ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியுள்ள மாயா ஏடுகள் நான்கே. ஆயினும் மொழி எரியவில்லை. யூக்கற்றான் மாயா மொழியை இன்றும் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். கோயில் முற்றத்திலே மரப்பொம்மை விற்கும் மூதாட்டியும் அவளது பேத்தியும் தம்முள் பேசிக்கொள்வது பெரும்பாலும் அம்மொழியையே. நிலவறைச் சிறுவரின் மரபணுவை ஆராய்ந்தவர், அண்மையிலுள்ள ஒரு மாயா ஊரவரின் இரத்தத்தையும் ஒப்புநோக்கினர். இவர்கள் அவர்களின் வழியினரே என்பது தெளிவாயிற்று.

அவர்களுக்கு இன்று வாய்த்திருக்கும் கவலையும் நீரைப் பற்றியதே. கழிவுநீரும் விவசாய இரசாயனமும் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கிவிட்டால், அவற்றை வடிகட்டித் தர அங்கே ஆழ்ந்த மண்படை இல்லை. 2023 டிசெம்பரில் ஓடத் தொடங்கிய மாயா புகையிரதப் பாதையின் ஒரு பகுதியில், உருக்குத் தூண்கள் நிலத்தடிக் குகைகளைத் துளைத்து நாட்டப்பட்டமை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஒமூன் என்னும் ஊர் செனோத்தேக்களுக்குப் பேர்போனது. அவ்வூரின் அயலில் ஏறத்தாழ 49,000 பன்றிகளை வளர்க்கும் ஒரு பண்ணை அமைந்தபோது, தமது நீர் கெடும் என்று மாயாச் சிறுவர் சிலரின் பெயரால் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் நீதிபதி அப்பண்ணையின் செயற்பாட்டை நிறுத்திவைத்தார். 2021ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அத்தடையை நிலைநாட்டிற்று.

ஒரு காலத்தில் நீருக்காகப் பெரியோர் சிறுவரைப் பலியிட்ட நாட்டிலே, இன்று சிறுவரே நீருக்காக நீதிமன்றம் ஏறினர். சிச்சென் இற்சாவின் கற்களைக் கண்டு வியந்தவர் பலர். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலும் அவை இடம்பெற்றன. ஆனால் அக்கற்களை அங்கே நிறுத்தியது கிணறு. அதனைப் பேணாது கோபுரத்தை மட்டும் பேணுதல், வேரை வெட்டிவிட்டு மரத்துக்கு வேலி கட்டுவதை ஒக்கும். சுண்ணக்கல்லின்மேல் வாழும் நமது மாணவர்கள் தம் வீட்டுக் கிணற்றினுள் அடுத்த முறை எட்டிப் பார்க்கும்போது, நமது மலக்குழியும் தோட்டத்து உரமும் அந்நீரோடு எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதையும் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.