இரும்பு மீசை

எங்கள் தெருமுனையில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. சாயங்காலம் காலாற நடந்து போகும்போது அங்கே சற்று நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். சென்ற வாரம் ஒரு புத்தம்புதிய பிக்கப் வண்டி வந்து நின்றது. நம்பர் பலகையில் வைத்த சந்தனம்கூட உதிரவில்லை. அதற்குள் அதன் முன்பக்கத்துப் பம்பரைக் கழற்றி, செத்த பாம்பைப் போடுவதுபோல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் கனத்த இரும்புக் குழாய்களை வளைத்து, முறுக்கிய மீசைபோல் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்காரர் இளைஞர். பக்கத்தில் நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் தம்பி இது?" என்றேன்.

"சேப்டிக்குத்தான், சார்."

"யாரோட சேப்டிக்கு?"

என் புத்தியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "வண்டிக்குத்தான் சார், வேற யாருக்கு?" என்றார்.

அந்த ஒரு சொல்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. வண்டிக்குத்தான்! உள்ளே உட்கார்ந்திருக்கும் அவருக்கும் அல்ல, எதிரே நடந்து வரும் எனக்கும் அல்ல. தகரத்துக்கும் பெயிண்டுக்கும் பாதுகாப்பு! அந்த இளைஞர் ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். நம்மில் பலர் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பம்பர் என்பது உடைவதற்காகவே செய்யப்பட்ட பொருள். இது பலருக்கு ஜீரணமாகாத விஷயம். "முன்னெல்லாம் வண்டி என்றால் இரும்பு, இப்போது ஒரு தட்டுத் தட்டினால் நசுங்குகிறது" என்று அங்கலாய்க்கிறார்கள். நசுங்கத்தான் வேண்டும், ஐயா! மெர்ஸிடிஸ் கம்பெனியில் வேலை பார்த்த பேலா பாரெனி என்ற எஞ்சினியர் இந்த உண்மையைக் கண்டு 1952-ல் காப்புரிமை பெற்றார். மனிதர்கள் உட்காரும் கூண்டு உறுதியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மடங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. 1959-ல் அப்படியே கார் செய்து வெளியிட்டார்கள்.

கணக்கு சுலபமானது. ஓடும் வண்டி எதன்மேலாவது மோதி, முகம் நசுங்கி, இரண்டடி தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே எட்டு அங்குலத்தில் நிறுத்தினால், உள்ளே இருப்பவன்மேல் விழும் அடி மூன்று மடங்காகிறது. சட்டத்தோடு நேராக முடுக்கிய இரும்புக் குழாய் நசுங்க மறுக்கிறது. வாங்கிய அடியைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காற்றுப்பை உள்ள வண்டியானால் இன்னொரு வம்பும் உண்டு. மோதல் எப்படிப்பட்டது என்பதை முன்பக்கத்து உணர்கருவிகள்தான் சொல்ல வேண்டும். நடுவில் நந்தி மாதிரி இந்தக் குழாய் நின்றால் சேதி தாமதமாகலாம், தவறாகவும் போகலாம். பை விரிய வேண்டிய கணம் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு.

வெளியே இருப்பவன் கதி? பிளாஸ்டிக் பம்பர் ஒருவன் காலில் பட்டால் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கிறது. இரும்புக் குழாய் எலும்பை நேராகச் சந்திக்கிறது. அது நிற்கும் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரியவர்களுக்கு இடுப்பு, பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குத் தலை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 74,897 பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். இவர்களுக்கு ஏது பம்பர்?

ஆஸ்திரேலியாவில் எல்லாரும் மாட்டுகிறார்களே என்பார்கள். மனித நடமாட்டமே இல்லாத சாலையில், நடுராத்திரியில் கங்காரு குறுக்கே பாயும் தேசம் அது. அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. மாம்பலத்திலும் மதுரை மாசி வீதியிலும் குறுக்கே வருவது கங்காருவா?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். தயாரிப்பாளர் செய்து கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த இரும்புக் காப்புகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அப்புறம் சில நாள் மும்முரமாகச் சோதனை நடந்தது. பட்டறைக்காரர்கள் கழற்றுவதற்கும் கூலி வாங்கினார்கள். பரபரப்பு அடங்கியதும் மாட்டுவதற்கும் வாங்கினார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் என்னிடம் சொன்னார்: "மார்க்கெட்டுல ஒருத்தன் ரிவர்ஸ்ல லேசா இடிச்சாலே இந்தப் பிளாஸ்டிக் கிழிஞ்சுடுது சார். மாசத் தவணை கட்டுறதா, பம்பர் வாங்குறதா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்ன உரசலுக்கும் முழுப் பம்பரையே மாற்றச் சொல்லும் வியாபார தர்மத்தை நானும் வெறுக்கிறேன். அமெரிக்காவில் கார்களின் பம்பர் இத்தனை வேகம்வரை அடி தாங்க வேண்டும் என்று 1970-களில் விதி செய்தார்கள். பிக்கப் வண்டியை அதில் சேர்க்கவில்லை. சுமை தூக்குகிற வண்டி என்றால் அங்கேயும் இளக்காரம்தான். மலிவான, திருத்தி மாட்டக்கூடிய பம்பரைக் கேட்டு இவர் சண்டை போட்டால் நானும் கூட வந்து நிற்பேன். ஆனால் கம்பெனிமேல் உள்ள கோபத்தை, சைக்கிளில் போகும் கூலிக்காரன் முழங்காலில் காட்டுவது என்ன நியாயம்?

அவரை விட்டுவிடலாம், அவர் வயிற்றுப்பாட்டுக்காக வண்டி ஓட்டுகிறவர். நான் கேட்க வேண்டியது உங்களைத்தான். மூட்டை ஏற்றாத, மார்க்கெட்டுக்குள் நுழையாத, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போகிற உங்கள் காருக்கு எதற்கு இந்த மீசை? யாரைப் பயமுறுத்த? குழந்தை குட்டிகளோடு போகிறோம், பத்திரம் வேண்டாமா என்கிறீர்கள். உங்கள் குழந்தை அந்தக் காருக்குள்ளேயே வளர்ந்து பெரியதாகப் போவதில்லை. அதுவும் ஒரு நாள் புத்தகப் பையோடு தெருவில் இறங்கும். எதிரே இன்னொரு வீட்டுக்காரர் கார் வரும். அவரும் தம் குழந்தைகளின் பத்திரத்தை நினைத்து இரும்பு மாட்டியிருப்பார்.

பெரும்பாலும் நாலைந்து போல்ட்டுகளில்தான் அது நிற்கிறது. ஒரு ஸ்பானர் போதும். நாளைக் காலையில் காப்பி குடித்துவிட்டு வாசலுக்குப் போய்க் கழற்றிவிடுங்கள். பழைய இரும்புக்காரன் எடைக்கு எடை காசு தருவான்.